முன்பிரேக்

...அதற்குள் எப்படித் தேய்ந்தது என்றுதான் சந்திரமௌலிக்குப் பிடிபடவில்லை, போன ஜோடி பிரேக் பேட் மூன்று மழைக்காலம் தாங்கியதே, அதற்கு முந்தையதும் அப்படித்தான், இது போன தீபாவளிக்குப் போட்டது, இன்னும் கணபதி பந்தல்கூட எழும்பவில்லை, அதற்குள் வெறும் தகடு, உள்ளங்கையில் வைத்துத் தடவினால் இரும்பு சில்லென்று இருக்கிறது... நானா பேத் உதிரிபாகக் கடையில் கூட்டம் முதுகை இடிக்கிறது, கடைக்காரர் இரண்டு டப்பாக்களை மேஜைமேல் வைத்து, மெத்தென்றது வேண்டுமா கெட்டியானது வேண்டுமா என்று இந்தியில் கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார், மெத்தென்றது இதமாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும், கெட்டியானது வெடுக்கென்று பிடிக்கும், நாள்பட உழைக்கும், ஆனால் சக்கரத்து டிஸ்க்கைத் தின்றுவிடும், பழைய வண்டி காகா, டிஸ்க் போனால் தேடிப் பிடிப்பது கஷ்டம், யோசித்துச் சொல்லுங்கள் என்று மரியாதையாகக் காகா போட்டு அங்கிருந்தே சொன்னார்... யோசிப்பதற்கென்ன, போசரி கம்பெனியில் இத்தனை காலமாக அவர் செய்வதே அதுதானே, திரும்பி வந்த உதிரிகளைப் பார்த்து ஏன் தேய்ந்தது என்று கண்டுபிடிப்பது, இதற்குக் காரணம் சொல்ல வராதா? மட்டமான சரக்கா, இல்லை, எப்போதும் போடுகிற அதே பேட்தான். ரோட்டைத் தோண்டிப்போட்ட மண்ணா, மண் போன வருஷமும்தான் இருந்தது. காலையில் பின்சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார், அங்கே பிரேக் கட்டை புதுசு மாதிரி அப்படியே இருக்கிறது. முன்னால் மட்டும் இந்தத் தேய்மானம் என்றால், பிடிக்கிற கையில்தான் கோளாறு.

கை... இதே கைதானே, இத்தனை வருஷமும் இதே கைதானே பிடித்தது? மனைவி சியாமளா பின்னால் ஒருபக்கமாக உட்காருவாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மடியில் மாவுத் தூக்கு, சனிக்கிழமை தவறாமல் கட்கியில் அவள் அக்கா தர்மாம்பாள் வீட்டுக்கு இட்லி மாவு போயாக வேண்டும், கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டர் இங்கே இருக்கும்போது அக்கா பாக்கெட் மாவு வாங்கினால் இவளுக்கு மானம் போய்விடும், அதுவும் முக்கால் தூக்கு போதும் என்றால் கேட்பாளா, கழுத்து வரைக்கும் ரொப்பி, மேலே துணி கட்டி, ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையை அவர் தோளில் வைத்துக்கொண்டு, ஏனுங்க, மெதுவாங்க, மாவு தளும்புதுங்க... சிக்னல் கண்ணில் படும்போதே தோளில் ஒரு விரல் தட்டும். அவரும் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, காலால் பின்பிரேக்கை மெல்ல அமுக்கி, முன்பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் ஊர்ந்துபோய் நிற்பார், பின்னால் ரிக்‌ஷாக்காரன் ஹாரனாலேயே திட்டுவான், திட்டட்டும். மாவு இல்லாத நாளிலும் அப்படித்தான், சண்டை போட்ட நாளிலும் அப்படித்தான், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறுவாள், பேச்சு இருக்காது, விரல் மட்டும் தட்டும்... மார்கழியில் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் கொண்டுவந்தார்கள், வயிற்றில் கட்டி, பார்த்தபோதே காலம் கடந்துவிட்டது, வேன் டிரைவர் ஒவ்வொரு சிக்னலிலும் சடக் சடக்கென்று நிறுத்தினான், மெதுவாப்பா, மெதுவா என்று இவர் கத்தினார், இனி அவளுக்கு வலிக்காது என்று தெரிந்தும் கத்தினார்.

அப்புறம்தான், ஆமாம், அப்புறம்தான் இந்தத் தேய்மானம்... இப்போதெல்லாம் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் வரும்வரை கை சும்மாதான் இருக்கிறது, முன்னால் நிற்கிற பஸ்ஸின் முதுகு பெரிதாகிக்கொண்டே வரும், எழுத்து தெரியும், அழுக்கு தெரியும், அப்போதும் பிடிக்கத் தோன்றாது, நின்றால் என்ன, நிற்காவிட்டால்தான் என்ன என்று... அட சீ, அப்படியா நினைத்தேன்? மனசு நினைக்கவில்லை, கை நினைத்திருக்கிறது. பஸ்ஸை முட்டப் போகிற நேரத்தில் முன்பிரேக்கை இறுக்கினால் கர்ரென்று சத்தம், பின்சக்கரம் லேசாகத் தூக்கும்... மகள் தேஜஸ்வினி ஒருநாள் வந்தாளே, கல்லூரியில் இந்த வருஷம்தான் சேர்ந்தவள், ஔந்த் வரைக்கும் கொண்டுவிடுங்கள் என்று ஏறினாள், இரண்டு கையாலும் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயதில்கூட அப்படிப் பிடித்தவள் இல்லை, அம்மா போனதும் குழந்தைக்கு நம்மேல் ஒட்டுதல் வந்துவிட்டது என்று இவருக்குக் கண் கலங்கியது, மறுநாள் கூப்பிட்டால், நக்கோப்பா, வேணாம், நான் பஸ்லயே போறேன், அதோடு சரி, அப்புறம் ஏறவேயில்லை. ஓட்டை வண்டி, கூடப் படிக்கிறவர்கள் பார்த்தால் வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார், அதில் நாலு நாள் கோபம் வேறு. ஒட்டுதலாம், வெட்கமாம்! என்ன மனுஷனய்யா நீ, பெண் பயந்து போயிருக்கிறாள். அப்பனுக்குப் பின்னால் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

காகா, டபுள் சீட் ஹை க்யா, கடைக்காரர் திரும்பி வந்துவிட்டார், தனியாக ஓட்டுவதா பின்னால் ஆள் உண்டா, அதைச் சொல்லுங்கள், எதைப் போடுவதென்று நான் சொல்கிறேன் என்கிறார்... ஆமாங்க என்று வாயிலிருந்து தமிழில் வந்துவிட்டது, அந்த மனிதருக்கு என்ன புரியும், புருவத்தைத் தூக்குகிறார். யாரை நினைத்து ஆமாம் சொன்னோம்? இடது தோள் குறுகுறுத்தது. ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"பேட் மாத்த வந்தேன் கண்ணு. டபுள் சீட்டான்னு கேக்கறாங்க, என்னன்னு சொல்லட்டும்?"

அந்தப் பக்கம் கேன்டீன் இரைச்சல்.

"எந்த பேட் போட்டா என்னப்பா..." குரல் உடைந்திருந்தது. "நீங்க எப்போ பிரேக் புடிப்பீங்க? அது சொல்லுங்க."

சாயங்காலம் இவர் வண்டி கேட்டுக்குள் நுழையும்போதெல்லாம் மூன்றாவது மாடி பால்கனியில் நிற்பாளே, போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரோடோ பேசுகிறாள் என்றல்லவா இத்தனை மாதமும் நினைத்திருந்தார், வண்டி உள்ளே வந்ததும் போனை இறக்கிவிட்டு உள்ளே போய்விடுவாளே, பேச்சு எப்போதாவது காதில் விழுந்திருக்கிறதா, உதடு அசைந்து பார்த்திருக்கிறாரா? கடைக்காரர் இரண்டு டப்பாக்களையும் அவர் பக்கம் நகர்த்தினார். மெத்தென்றதைக் கையில் எடுத்துக்கொண்டார், மகள் இன்னும் லைனில்தான் இருந்தாள்.