வெளிக்குழாயில் வைத்த குப்பி

கண்ணாடிக்காரர் கட்டிய முதல் நீராவி எஞ்சின் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், வியாபாரம் ஓய்ந்த சாயங்காலங்களில் பித்தளையைக் கடைந்து, அரத்தால் ராவி, ஒரு வருஷமாக உருவாக்கியது. எல்லாம் மாமனாருக்காக. மாமனார் வீட்டு அலமாரியில் அப்படிப்பட்ட எஞ்சின்கள் வரிசை கட்டி நிற்கும். கல்யாணமான நாளிலிருந்து மருமகனை அவர் ஒரு ஆளாகவே மதித்ததில்லை.

மிச்சம் இருந்தது லூப்ரிகேட்டர், அதாவது எண்ணெய் விடும் கருவி. கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைக் குப்பி. ஆவிக் குழாயோடு ஊசித் துளையால் இணைந்திருக்கும். உள்ளே நுழையும் ஆவி தண்ணீராகி அடியில் தங்க, மேலே மிதக்கும் எண்ணெய் துளித்துளியாக ஆவியோடு கலந்துவிடும். அதை எங்கே பொருத்துவது என்பதில்தான் சந்தேகம். எஞ்சினைத் தூக்கிக்கொண்டு மாமனாரிடமே போனார்.

"பாய்லருக்கும் சிலிண்டருக்கும் நடுவுலதானே மாமா?"

மாமனார் எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அங்க வெச்சா எண்ணெய் போய் அடைச்சுக்கும் மாப்பிள்ளை. ஆவி வெளிய வர்ற குழாய்ல வைங்க. சாயாம நிமிர்ந்து நிக்கணும். முன்னாடியே ஓட்டிப் பாக்காதீங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்பிடறேன், இங்கேயே முதல் ஓட்டம்."

அந்த வாயிலிருந்து இப்படியொரு அக்கறையா! கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே குப்பியை வெளிக்குழாயில் பற்றவைத்தார்.

ஞாயிறன்று கூடம் நிறைய உறவுக்காரர்கள். ஆவி ஏறியது, சக்கரம் சுற்றியது. பூரித்துப்போய் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் சக்கரம் திணறியது. எண்ணெய்ப் பசையில்லாத சிலிண்டர் கிறீச்சிட்டது. பிஸ்டன் இறுகி, எஞ்சின் நின்றது.

ஒருவரும் 'அடடா' என்று சொல்லவில்லை.

"அப்பா சொன்ன மாதிரியே நின்னுடுச்சு!" என்று மச்சான் தொடையைத் தட்டினான். சின்ன மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வெளிய போற ஆவிக்கு எதுக்கு எண்ணெய் மாப்பிள்ளை? வழியனுப்பி வைக்கவா?" என்றார் மாமனார்.

வீடு திரும்பும் வழியில் மனைவியிடம் கேட்டார். "உனக்கும் தெரியுமா?"

"வந்தவங்க எல்லாருக்கும் தெரியும்ங்க. விளையாட்டுக்குத்தான்னு அப்பா சொன்னார்."

கடைப் பின்னறைக்குப் போய் எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டனைத் தட்டித்தான் கழற்ற வேண்டியிருந்தது. சிலிண்டரின் உட்சுவர் முழுக்கக் கீறல். புதிதாக ஒன்று கடைந்து, குப்பியைச் சிலிண்டருக்கு முன்னால் வைத்தார். எஞ்சின் அருமையாக ஓடியது. யாருக்கும் காட்டவில்லை.

பிறகு மச்சானுக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா விருந்துக்கு வந்தார். பேச்சு அலமாரி எஞ்சின்கள் பக்கம் திரும்பியதும், மாமனார் கண் சிமிட்டினார். "மாப்பிள்ளை, உங்க கதைய நீங்களே சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் சொன்னார். எல்லோரும் சிரித்த இடங்களில் தானும் சிரித்தார்.

"வெளிக்குழாய்ல வைக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார் விருந்தாளி.

மனைவியின் விரல்கள் அவர் முழங்கையை அழுத்தின.

"யாரும் சொல்லல. நானேதான்."

மாமனார் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "அந்தச் சத்தம் எப்படி வந்துச்சுன்னு சம்பந்திக்குப் போட்டுக் காட்டுங்க மாப்பிள்ளை."

கண்ணாடிக்காரர் உதட்டைக் குவித்து, கிறீச்சென்று கத்திக் காட்டினார்.