மே பத்தில் பிறந்தவன்

மே பத்து என் கல்யாண நாள். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு அதுதான் பிறந்தநாள். வயது போதாத பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து முடிந்ததாக ஒரு தேதி வேண்டும். யோசிக்கச் சோம்பல்பட்டு, மறக்காத தேதியையே எழுதிவிடுவேன். "இருதயசெல்வி டீச்சர் தாலி கட்டிக்கின நேரத்துல எத்தினி புள்ளைங்க பொறந்துக்குது!" என்று சக ஆசிரியர்கள் கிண்டலடிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

போன மாதம் விழுப்புரத்தில் என் வீட்டுக்கு ஜெசி வந்தாள். இலங்கையிலிருந்து கைக்குழந்தையாக வந்து, இங்கே அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்யாணமும் முடிந்தவள். என்னிடம் படித்தவள்தான்.

"டீச்சர், எங்க தம்பி ஜூட் ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டு ஒரு நகலை நீட்டினாள். நான் எழுதிய மாற்றுச் சான்றிதழ். பிறந்த தேதி 10.05.1991.

போர் நிறுத்தத்தை நம்பி அவள் பெற்றோர் ஜூடை அழைத்துக்கொண்டு மன்னாருக்குத் திரும்பியது எனக்குத் தெரியும். மீதியை அவள் சொன்னாள். இயக்கத்துக்காரர்கள் அவனை வீட்டிலிருந்து இழுத்துப்போய்க் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். 2009 மே பதினேழில் ராணுவத்திடம் பிடிபட்டான். பதினெட்டு ஆகாதவர்களைத் தனியே பிரித்துப் படிக்க வைத்து வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். தனக்குப் பதினாறு என்றான், நம்பவில்லை. அவனுடைய அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, கையிலிருந்த ஒரே முத்திரை போட்ட காகிதத்தைக் கொண்டு ஓடினாள். அந்தக் காகிதத்தின்படி அவனுக்குப் பதினெட்டு முடிந்து ஏழு நாள் ஆகியிருந்தது. பெரியவர்களோடு ஆறு வருஷம் அடைத்துப் போட்டார்கள்.

"இப்ப ஐரோப்பாவுல அடைக்கலம் கேட்டுக்கினு கீறான் டீச்சர். சின்ன வயசுல புடிச்சிக்கினு போயிருந்தா அவனும் பாதிக்கப்பட்டவன்னு எடுத்துக்குவாங்களாம். பெரிய ஆளுன்னா திருப்பி அனுப்பிடுவாங்களாம். அடுத்த வாரம் விசாரணை. வயசு தப்புன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தீங்கன்னா..."

எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. தொண்ணூற்றாறு ஜூன் மாதம் வகுப்பில் ஒரு தலை குறைந்தது. குறைந்தால் நான் உபரி ஆசிரியை. மேல்மலையனூர்ப் பக்கம் தூக்கி அடித்துவிடுவார்கள். அப்போதுதான் அந்த அம்மா ஜூடைக் கூட்டி வந்து மேஜைக்கு எதிரே நின்றாள். "மார்கழி எட்டு, ரீச்சர். தொண்ணூற்றிரண்டு. மாதா திருநாளண்டு பிறந்தவன்." டிசம்பரைத்தான் அவர்கள் மார்கழி என்பார்கள். மூன்றரை வயது. வளர்த்தியான பிள்ளை, ஐந்து என்றாலும் நம்புவார்கள். "சரிம்மா" என்று தலையாட்டிக்கொண்டே மே பத்து என்று எழுதினேன்.

"ஞாபகம் இல்லம்மா," என்றேன் ஜெசியிடம். "உங்கம்மா என்ன சொன்னாங்களோ அதத்தான் எழுதியிருப்பேன்." சொல்லும்போது என் பென்ஷன்தான் மனதில் ஓடியது. வெட்கக்கேடு.

அவள் கோபப்படவில்லை. "அம்மாவும் அதான் போன்ல சொல்லும். நான்தான் தேதிய மாத்திச் சொல்லிட்டேன் போலக்குது, என் புள்ளைய நானே மாட்டி வுட்டுட்டேன்னு சாகறவரைக்கும் அழுதுக்கினே இருந்துச்சு." தண்ணீர் குடித்த டம்ளரைத் தானே கழுவி வைத்தாள். "உங்கள பேஜாரு பண்ணிட்டேன், மன்னிச்சிக்குங்க. போய்ட்டு வர்றேன் டீச்சர்."

கழுவின டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேன். செய்யாத தப்புக்கு ஒருத்தி அழுது செத்திருக்கிறாள். செய்தவள் பென்ஷன் வாங்கித் தின்றுகொண்டிருக்கிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

புது பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "எறங்கு ஜெசி," என்றேன். எதற்கு என்று கேட்காமல் இறங்கினாள்.

கோர்ட்டுக்கு எதிரே ஒரு நோட்டரி வக்கீல் அலுவலகம். டைப் அடிக்கும் அருணா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "'தவறுதலாக எழுதப்பட்டது'ன்னு போட்டுடட்டுங்களா மேடம்? அதான் உங்களுக்கு சேஃப்டி."

அப்போதும் ஆசையாகத்தான் இருந்தது. "வேணாம்மா. தெரிஞ்சே மாத்தி எழுதினேன்னு போடு. அவங்கம்மா சரியான தேதி சொன்னாங்கன்னும் போடு."

"ஏன் மே பத்துன்னு கேப்பாங்களே?"

"அது என் கல்யாண நாள்."

அருணா தட்டுவதை நிறுத்திவிட்டு ஜெசியைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கையெழுத்தும் முத்திரையும் ஆனதும் ஜெசி நின்றபடியே முழுவதையும் படித்தாள்.

"அம்மா சரியாத்தான் சொல்லிச்சா?"

"சரியாத்தான் சொன்னாங்க."

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். வெளியே வந்து அடுத்த பஸ்ஸில் ஏறினாள். அது நகரும்வரை ஜன்னலுக்குக் கீழேயே நின்றேன். போய்ட்டு வர்றேன் என்று அவள் சொல்லவில்லை.