மூட்டையும் அவரே

குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று கொக்கிக்கு எலும்பு எதுவும் முறியவில்லை. வீம்புதான் கொஞ்சம் முறிந்தது. காலை ஆறு மணிக்கு விழுந்தவர் பதினொரு மணி வரை எழுந்திருக்க முடியாமல் அங்கேயே கிடந்தார். குவளையால் வாளியைத் தட்டிக்கொண்டே இருந்தார். கீழ்வீட்டுத் தையல்காரம்மா, மோட்டார்தான் ஏதோ கோளாறு என்று திட்டிக்கொண்டே மேலே வந்து, பிறகு ஆள் கூப்பிட்டு, வாசல் பூட்டை உடைத்துத் தூக்கினாள்.

கொக்கி என்பது கிடங்கில் வைத்த பெயர். நாற்பது வருஷம் மூட்டை தூக்கினார். தோளில் தொங்கிய இரும்புக் கொக்கியே பெயராக ஒட்டிக்கொண்டது. எண்பது கிலோவை முதுகில் வாங்கிக்கொண்டு ஆடுகிற பலகையில் ஏறி லாரிக்குள் போன மனுஷன். இப்போது எழுபத்திரண்டு வயதில் தன் உடம்பு அறுபது கிலோவைத் தூக்க முடியாமல் போனதை நினைத்தால் அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மகள் மறுநாளே வந்து நின்றாள்.

"கிளம்புப்பா. மறுபடி விழுந்தா தூக்க ஒரு ஆள் வேணாமா?"

மகள் வீட்டில் அவரை யாரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். ஒரு வேலையும் சொல்ல மாட்டார்கள். அதுதான் அவருக்குப் பயம். இங்கே ஒன்றரை அறைதான். ஆனால் மனைவி போன இந்த ஆறு வருஷத்தில் அந்த ஒன்றரை அறையைத் தனக்கென்று பழக்கி வைத்திருந்தார். ரேடியோ எவ்வளவு சத்தமாகப் பாட வேண்டும் என்பது அவர் இஷ்டம். ஜன்னலோர நாற்காலியின் அறுந்த நாடாவை மாற்றிக் கட்டியதும் அவர்தான். ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவிக் கவிழ்த்தால் சமையலறை சுத்தம்.

"ஒரு மாசம் குடு. யாரும் கை குடுக்காம நானே தரையில இருந்து எந்திரிச்சுக் காட்டுறேன். முடியலன்னா பெட்டியைத் தூக்கிட்டு நானே வரேன்."

"வாக்கு மாறக் கூடாது."

"மாறினா மீசைய எடுத்துடறேன்."

"அம்மா இருந்தப்பவே இந்த மீசைய அஞ்சு தடவை பந்தயம் வெச்சே. இன்னும் அங்கயேதான் இருக்கு."

முதல் நாள் தரையில் படுத்து, கட்டிலில் இருந்து எழுவதுபோல நேராக எழப் பார்த்தார். வயிறு நடுங்கியதுதான் மிச்சம். இரண்டாம் நாளும் அதே கதை. அன்று சுவரைப் பிடித்துப் பிடித்து எழுவதற்குள் மதியமாகிவிட்டது. மூன்றாம் நாள் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தபோது பொறி தட்டியது. கிடங்கில் சரிந்த மூட்டையை யாராவது நேராக நிமிர்த்துவார்களா? முதலில் புரட்டுவார்கள். பிறகு முட்டியை அடியில் கொடுப்பார்கள். பாரத்தை ஓரிடத்தில் சாய்த்து, மூச்சு வாங்கி, அப்புறம்தான் தூக்குவார்கள். இரண்டு நாளாகத் தன்னை ஆளாக நினைத்து எழப் பார்த்ததுதான் தப்பு. தூக்குகிறவனும் நான்தான், மூட்டையும் நான்தான் என்று சொல்லிக்கொண்டு ஒருக்களித்தார்.

அன்றிலிருந்து தினமும் நடந்தது. ஸ்டூலை அருகில் வைத்துக்கொண்டு புரளுவார், முட்டி போடுவார், ஸ்டூலில் சாய்வார். பத்தாம் நாள் எழுந்தார். இருபதாம் நாள் மூன்று முறை எழுந்தார். தடால் தடால் என்று சத்தம் கேட்டுத் தையல்காரம்மா படியில் நின்று கத்தினாள்.

"அண்ணே, மேல என்ன குஸ்தியா?"

"ஆமாம்மா. தரைக்கும் எனக்கும்."

"யாரு ஜெயிக்கிறது?"

"இன்னிக்குத் தரை. நாளைக்குப் பாக்கலாம்."

மாதம் முடிந்தது. மகளும் மருமகனும் பெரிய காலிப் பெட்டியோடு வந்தார்கள். கொக்கி அறையின் நடுவில் படுத்து, ஒருக்களித்து, ஸ்டூலுக்குக் கை நீட்டினார். மகள் அதைக் காலால் தள்ளிவிட்டாள்.

"பாத்ரூம்ல ஸ்டூல் ஏதுப்பா? விழுந்த இடத்துல எந்திரிச்சுக் காட்டு."

"விடேன், பாவம்" என்றார் மருமகன்.

"நீங்க சும்மா இருங்க."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஸ்டூல் இல்லாமல் கொக்கி ஒருநாளும் பழகவில்லை. ஆனாலும் குளியலறைக்குள் போய்ப் படுத்தார். மகள் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாள்.

புரண்டார். முட்டி போட்டார். குழாயைப் பிடித்தார். அது ஆடியது. ஆடுகிற பொருளில் பாரம் வைக்கக் கூடாது. கையை விட்டதும் தோள் சரிந்து தரையில் மோதியது. மகளின் கைகள் பாய்ந்து வந்தன.

"தொடாத!"

கிடங்கில் லாரிக்காரர்களை நிறுத்திய குரல் அது. கைகள் நின்றன.

கொக்கி அவசரப்படவில்லை. மூச்சு சமனாகும் வரை கிடந்தார். கண்ணெதிரே வாளி இருந்தது. அன்று உதவி கேட்டுத் தட்டிய அதே காலி வாளி. அதை இழுத்துக் கவிழ்த்தார். நகராதபடி மூலையில் முட்டுக்கொடுத்தார். இரண்டு முழங்கைகளையும் அதன்மேல் ஊன்றினார். ஒரு பாதம் தரையில் பதிந்தது. 'ம்ம்' என்று மூட்டை தூக்கும்போது வருகிற பழைய சத்தம் தானாக வந்தது. சுவரைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

மகள் தரையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "தரை காஞ்சு கிடக்கு. அன்னைக்கு ஈரம்" என்றாள். சொல்லிவிட்டு எழப் பார்த்தவள் அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, கால் மரத்துப்போச்சு."

மருமகன் குனிந்தார். "இருங்க மாப்பிள்ளை" என்ற கொக்கி ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டி மகளைத் தூக்கிவிட்டார். அவள் சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"தையல்காரம்மாகிட்ட ஒரு சாவி குடுத்து வைக்கணும்."

"இன்னிக்கே குடுக்கறேன்."

"தினமும் காலைல போன் பண்ணுவேன்."

"நீ பண்ணாத. நீ பண்ணா, ஆளு இருக்கானா போயிட்டானான்னு பாக்குற மாதிரி இருக்கும். ஏழு மணிக்கு நானே பண்றேன்."

காலிப் பெட்டி வந்த வழியே இறங்கிப் போனது.

மறுநாள் காலை கொக்கி குளியலறையில் இரண்டு குவளைத் தண்ணீரை ஊற்றினார். வாளியைக் காலி செய்து மூலையில் வைத்தார். மெதுவாக இறங்கி ஈரத்தில் படுத்தார்.

"அண்ணே, என்ன சத்தம்?" என்று கீழிருந்து குரல் வந்தது. "சாவியோட வரவா?"

"வேணாம்மா. விழல. படுத்திருக்கேன்."

ஏழு மணி அடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. கொக்கி ஒருக்களித்தார்.