தலைக்கணக்கு

…கையை மேலே தூக்கினால்தான் வலி, தொங்கப்போட்டால் ஒன்றும் இல்லை, ஆனால் கொடி மேலேதானே இருக்கிறது, கொடியைத் தரையிலா கட்டுவார்கள், வலது தோளுக்குள் எங்கோ ஓர் ஆணி, ஈரப் போர்வையின் பாரம் ஏறுகிறபோதெல்லாம் யாரோ அதன் மண்டையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுகிற மாதிரி… டாக்டர் கேட்டார், என்ன வேலைம்மா, ஹோட்டல்ல துணி வெளுக்கிற இடத்துல சார், எத்தனை ஷிப்ட், ரெண்டு, ஒண்ணை நிறுத்துங்க. ஃபேனை நிறுத்துங்க என்கிற மாதிரி. இரண்டாவது ஷிப்ட் எதுக்கு என்று கேட்டார், எப்படிச் சொல்வது, சார் நான் மெயில் அனுப்புற கம்பெனிக்குப் பணம் கட்டத்தான் சாயங்காலமும் போர்வை பிழியறேன், அந்த மெயிலை யாரும் படிக்கறதில்ல, இப்படிச் சொன்னால் தோளை விட்டுவிட்டுத் தலையையல்லவா பார்ப்பார். போகட்டும். வலி பழைய வலிதான், ஆனால் அதற்குள் இருந்த எரிச்சலை மட்டும் யாரோ உருவி எடுத்துவிட்ட மாதிரி இருக்கிறது இன்றைக்கு, வார லீவு நாளில். அமுக்கிவிட்டேன் இல்லையா, வீட்டு மாடி ஏறுவதற்கு முன்னால், வாளியைக் கீழே வைத்துவிட்டு, சோப்பு நுரை விரலோடு, முதல் தடவை போன் கேட்கவில்லை, விரலை இடுப்பில் துடைத்துவிட்டு இன்னொரு தடவை. பதினோராயிரத்துச் சொச்சம் சந்தாதாரர்களை நீக்கப் போகிறீர்கள், நிச்சயமா, என்று கேட்டது. என் ஆயுசில் என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் அந்தப் போன்தான். பள்ளிக்கூடத்தை நிறுத்தும்போது யாரும் கேட்கவில்லை, கல்யாணத்துக்கும் கேட்கவில்லை. நிச்சயம் என்று அமுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு பேர் வெளியேறினால் ஒரு கதவாவது அடித்துக்கொள்ளாதா… சரி, போர்வையின் அந்த முனையை இழு, கிளிப்பைப் போடு, அடுத்தது.

அடுத்தது வீட்டுக்காரர் சட்டை, லாரி மெக்கானிக் சட்டை என்றால் காலர் எப்படி இருக்கும், கிரீஸ். கிரீஸுக்குத் தண்ணீர் ஆகாது, முதலில் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி விட்டுவிடணும், அது எண்ணெயைக் குடிக்கும், அப்புறம் பாத்திரம் கழுவுகிற சோப்பு, அப்புறம்தான் தண்ணீர். இந்த மாதிரிதான் எழுதினேன், இதற்கு மேல் எனக்கு என்ன எழுதத் தெரியும்? ஹோட்டலின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அந்த அறையில், புதிதாக வந்த பெண் ஒருத்தி இரத்தம் பட்ட தலையணை உறைகளைக் கொதிநீரில் முக்கிவிட்டாள், ஒரு அடுக்கு முழுக்கப் போச்சு, சூப்பர்வைசர் அவள் கூலியில் பிடித்துக்கொண்டார், அவள் இஸ்திரி ரோலர் பக்கத்தில் நின்று அழுதாள், எனக்கு அவள்மேல் கோபம், அவர்மேல் அதைவிடக் கோபம், கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, போனில் தட்டினேன். இரத்தத்துக்குப் பச்சைத்தண்ணி. சூடு பட்டால் கறை துணியோடு கல்யாணம் கட்டிக்கொள்ளும், அப்புறம் யார் பஞ்சாயத்துப் பண்ணினாலும் பிரியாது. தம்பி அதைப் படித்துவிட்டுச் சிரித்து, போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்தே எனக்கு ஒரு ப்ளாக் செய்துகொடுத்தான், கறை அக்கா என்று பெயரும் வைத்தான், பொய் சொல்லக் கூடாது, அது அவன் வேலைதான், நன்றாகத்தான் செய்தான். பெயர் கொடுத்தவர்களுக்கு நான் எழுதுவது மெயிலில் போகும், நாலு பேர், பத்துப் பேர், நாற்பது பேர். ஒரு பெண் எழுதினாள், அக்கா மாமியார் வீட்டு சோபாவுல மை கொட்டிட்டேன், அவங்க வெளிய போயிருக்காங்க, எப்ப வேணா வந்துடுவாங்க. டீ குடிக்கிற நேரத்தில் பதில் தட்டினேன், தேய்க்காதே, தேய்ச்சா செத்தே, ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைச்சு ஒத்தி ஒத்தி எடு. சாயங்காலம் பதில் வந்தது, உயிர்ப்பிச்சை அக்கா, இப்ப அதே இடத்துல உக்காந்துதான் டிவி பாக்கறாங்க. அந்த வாரம் முழுக்கத் தோள் வலித்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் இல்லை.

நாற்பது பேர் நானூறு ஆனார்கள், அதோடு விட்டிருக்கலாம், விட்டானா? நம்பர்தான் அக்கா எல்லாம், நம்பர் இருந்தா விளம்பரம் தானா வரும், விளம்பரம் வந்தா நீ எதுக்கு அந்தக் குகையில கிடக்கணும். குகை என்று அவன் சொன்னது எனக்குள் போய்ப் பதிந்துவிட்டது, பேராசை என்று சொல்ல மாட்டேன், தோள் வலிக்கிறவளுக்கு வலியில்லாமல் இருக்க ஆசை, அது பேராசையா? அவன் ஒரு படம் போட்டான். வெள்ளை வெளேரென்று ஒரு துணி துவைக்கும் மிஷின், கழுத்தில் சிவப்பு ரிப்பன், கறை அக்காவின் ப்ளாக்கில் சந்தா சேருங்கள், குலுக்கலில் இந்த மிஷினை வெல்லுங்கள். கீழே நான் இரண்டு வாளியோடு குந்தி உட்கார்ந்து துவைத்துக்கொண்டிருக்கிறேன், போனில் ரிப்பன் கட்டின மிஷின். வந்தார்கள் அப்பா, அணை உடைந்த மாதிரி வந்தார்கள், ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் திடீரென்று கறை பட்டுவிட்டதா என்று நினைத்தேன். தம்பி கடையில் எல்லாருக்கும் ஜூஸ் வாங்கிக் கொடுத்தான். பன்னிரண்டாயிரம் பேர் படிக்கிறார்கள் என்று பக்கத்தின் தலையில் பெரிய எழுத்தில் போட்டான். படிக்கவா வந்தார்கள்? பெயரைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், ஒரு மெயிலைத் திறக்கவில்லை, கேள்வி இல்லை, திட்டு கூட இல்லை. ஆனால் மெயில் அனுப்புகிற கம்பெனி இருக்கிறதே, அது தலையை எண்ணித்தான் காசு வாங்கும், கண்ணை எண்ணி இல்லை. தலை கூடக் கூட பில் ஏறிற்று. சோப்புத்தூள் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார், விளம்பரம் போட்டோம், பத்து நாள் கழித்துப் போன் செய்தார், மேடம், பன்னெண்டாயிரம் பேருன்னீங்க, லிங்க்கைப் பதினேழு பேர்தான் அமுக்கியிருக்காங்க. எனக்கு வேறு மாதிரி வருத்தம், அந்தப் பதினேழில் ஒன்று நான், ஒன்று வீட்டுக்காரர், ஒன்று தம்பி. அதோடு அந்தக் கம்பெனி போச்சு. பில்லுக்காக நான் சாயங்கால ஷிப்ட்டும் எடுத்துக்கொண்டேன். அப்பா கல் உடைக்கிற இடத்தில் மேஸ்திரி ஒருவன் இருந்தான், செத்துப்போனவன், ஊரைவிட்டு ஓடினவன் பெயரையெல்லாம் வருகைப் பதிவில் விட்டுவைத்து அவர்கள் கூலியைத் தானே வாங்கிக்கொள்வான், அப்பா அதைச் சொல்லிச் சொல்லிக் காறித் துப்புவார். அவனாவது இல்லாத ஆள் பெயரில் கூலி வாங்கினான், நான் இல்லாத ஆளுக்கெல்லாம் கூலி கொடுத்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு பெரிய புத்திசாலி பார்…

இந்தச் சட்டைக்குப் பொத்தான் ஒன்று தொங்குகிறது, தைக்கணும், அப்புறம். போன வாரம்தான் ஒரு மெயில் எழுதினேன், தம்பியிடம் கேட்காமல். அலங்காரம் ஒன்றும் இல்லை. இருக்கீங்களா? இருந்தா ஒரு வார்த்தை எழுதுங்க, இல்லாதவங்க பேரை எடுத்துடப் போறேன், என்னால உங்களைச் சுமக்க முடியலை, தோள் வலிக்குது. இருக்கிறவங்க முடிஞ்சா மாசம் ஒரு டீ காசு கொடுங்க, கேக்கற கேள்விக்கெல்லாம் நானே பதில் எழுதுவேன், கொடுக்க முடியாதவங்களும் இருங்க. அனுப்பின பிறகுதான் தோன்றிற்று. யாருமே பேசவில்லை என்றால்? இருட்டில் நின்று யாராவது இருக்கீங்களா என்று கூப்பிட்டு, ஒரு சத்தமும் வராவிட்டால், அதற்கு அப்புறம் அந்த அறைக்குத் திரும்பிப் போய் மிச்ச ஆயுசு முழுக்க ரெண்டு ஷிப்ட்… முதல் பதில் வருகிறதுக்குள் நான் ஒரு வண்டி துண்டு மடித்து முடித்திருந்தேன். இருக்கேன் அக்கா. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. அப்புறம் இன்னொன்று, இருக்கேன், துணியெல்லாம் என் சம்சாரம்தான் துவைக்கிறா, நான் சும்மா படிக்கிறேன், திட்டாதீங்க. சோபாப் பெண், இருக்கேன் அக்கா, இப்ப நான் தனிக்குடித்தனம், சோபாவே வாங்கலை. பரிசுக்காக வந்தேன் அக்கா, படிச்சுப் பிடிச்சுப்போய் இருந்துட்டேன், ஆமா அந்த மிஷின் யாருக்கு விழுந்துச்சு, என்று ஒருத்தி, கடைசியில் ஒரு சிரிப்புப் படம், நானும் சிரித்துவிட்டு அடுத்ததைப் பார்த்தேன். அறுநூற்றுச் சொச்சம் பேர். அதில் பாதிக்குமேல் டீ காசும் கட்டிவிட்டார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டேன், பொய்த்தலையெல்லாம் போனால் பில் அடி மட்டத்துக்கு வந்துவிடும், டீ காசு சாயங்கால ஷிப்ட்டை ஈடு கட்டிவிடும், காலை ஷிப்ட் இருக்கட்டும், அதை விட இன்னும் தைரியம் வரவில்லை. நேற்று சூப்பர்வைசரிடம் போய் நின்றேன், சார் இனிமே சாயங்காலம் வரமாட்டேன். ஏன், லாட்டரி கீட்டரி விழுந்துடுச்சா? இல்ல சார், தலைல இருந்து ஒரு மூட்டை விழுந்துடுச்சு. அவருக்குப் புரியவில்லை, புரியாவிட்டால் என்ன, மாடிப்படி ஏறி வெளியே வந்தால் வெளிச்சம் இருந்தது, சாயங்கால வெயில், அது அப்படி மஞ்சளாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது எனக்கு, தெருமுனையில் ஒரு ஓரமாக நின்றுகொண்டேன், போக்கிடம் இல்லாதவள் மாதிரி, எதுவும் செய்யாமல்.

படியில் தடதடவென்று சத்தம், இந்தக் கால் தம்பி கால்தான், கீழே என் போனைப் பார்த்துவிட்டான். அக்கா! என்னக்கா பண்ணி வெச்சிருக்கே, அறுநூத்தி நாப்பதுன்னு காட்டுது! சரியாத்தான்டா காட்டுது. பன்னெண்டாயிரம்க்கா, நான் ரத்தம் சிந்திச் சேத்தது! ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணி, போய் அலசு. அவன் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான், ப்ளாக் தலையில போட்ட நம்பரை என்னக்கா பண்றது, ஜனங்க சிரிப்பாங்களே. சிரிக்கிறதுக்கு அங்க யாருடா இருந்தாங்க? அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அது எப்போதும் அப்படித்தான், சின்ன வயதிலிருந்து, கோபத்தை அவனால் ரொம்ப நேரம் கையில் வைத்திருக்க முடியாது. எழுந்து வந்து கடைசிப் போர்வையின் இன்னொரு முனையைப் பிடித்தான், அவன் ஒரு பக்கம் முறுக்க நான் ஒரு பக்கம் முறுக்க, தண்ணீர் காலில் கொட்டிற்று, தோளுக்குப் பாதி பாரம்தான், பாதி பாரம் என்பது எவ்வளவு நல்ல விஷயம். சாயங்காலம் சும்மாவா இருக்கப் போறே? பதில் எழுதணும்டா, நாப்பது கேள்வி கிடக்கு. அதை ஒண்ணு ஒண்ணாவா எழுதப் போறே, எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுப்பிடேன். ஒவ்வொருத்தி துணியும் ஒவ்வொரு மாதிரி அழுக்காகுதுடா. சரி தாயே, உன் இஷ்டம்.

வாளியில் இன்னும் துண்டுகள், ஒன்றை உதறினேன், உதறின கை அப்படியே நின்றது. சிரிப்புப் படம் போட்டிருந்தாளே அவள், என்ன கேட்டாள்? நான் கேலி என்று தாண்டிப் போனேன், கேலியா அது? டேய், அந்த மிஷின் யாருக்குடா விழுந்துச்சு? எந்த மிஷின்? ரிப்பன் கட்டின மிஷின். அவன் கிளிப்பை எடுத்துத் திறந்தான், மூடினான், திறந்தான். அதெல்லாம் ஜனங்க மறந்துருப்பாங்கக்கா, யாரு ஞாபகம் வெச்சிருக்கப் போறா. குலுக்கினியா இல்லையா, அதைச் சொல்லு. எதைப் போட்டுக் குலுக்கறது, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன், அதுக்குள்ள சோப்புத்தூள் கம்பெனி, அது இதுன்னு… அவன் பேசிக்கொண்டே போகிறான், எனக்குக் காதில் ஏறவில்லை. பன்னிரண்டாயிரம் பேரில் யாரோ ஒருத்தருக்கு அது விழுந்திருக்கணும். பொய்த்தலை என்று நான் துடைத்தெறிந்ததில் அந்த ஒரு தலை இருந்திருக்கலாம், பெயரைப் போட்டுவிட்டு, ஒரு மாதம் காத்திருந்து, சரி நமக்கில்லை என்று மெயிலைத் திறக்காமல் விட்டவளாக இருக்கலாம், இந்நேரம் எங்கோ ஒரு மாடியில் கையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு… அமுக்கினதைத் திருப்பிக் கொண்டுவர முடியுமாடா? முடியாதுக்கா, அதான் நிச்சயமான்னு கேக்குமே. கேட்டது. ஆமாம், கேட்டது. விசித்திரம், மனசு கனக்கவில்லை, காலையில் இறங்கினது இறங்கினதுதான், சாயங்காலங்கள் என்னுடையவைதான், வெயிலில் போர்வை இப்போதே ஓரம் காய ஆரம்பித்துவிட்டது. தம்பி கேட்கிறான், என்னக்கா அப்படியே நிக்கறே, தோள் வலிக்குதா. இல்லடா. யாருக்கு என்றுதான் தெரியவில்லை, என்ன என்பது தெரியும், படம் போட்டு, ரிப்பன் கட்டி, என் பெயரில் சொன்னது. ஒரு துணி துவைக்கும் மிஷின் நான் தரவேண்டியிருக்கிறது.