மழைநாளில் மட்டும் கொதிக்கும் மோட்டார்

ஹட்டனுக்கு அப்பால் இருந்த அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில் மின்வேலை பார்க்கும் ஒரே பெண் சுதர்ஷினி. கொழுந்து வாட்டும் மேல்மாடியில் ஓடும் விசிறி மோட்டார்களுக்கெல்லாம் சென்சர் பொருத்தி, கம்பி இழுத்து, கீழே ஒரு கன்ட்ரோலர் பெட்டியில் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். சூடு அளவு மீறினால் பெட்டியே மோட்டாரை நிறுத்திவிட்டு மணி அடிக்கும். சும்மா மணியா அது, ஊரைக் கூட்டும் மணி! தோட்டத்து மேனேஜரான தொரையிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் இதற்கு அனுமதி வாங்கியிருந்தாள்.

ஜன்னலோரத்து மோட்டார் அவள் மானத்தை வாங்கியது. திடீரென்று கொதிக்கும், நிற்கும், மணி அலறும். விழுந்தடித்துக்கொண்டு மேலே ஓடினால், ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். பேரிங்கை மாற்றினாள், சென்சரை மாற்றினாள். ஒரு பலனும் இல்லை.

தேயிலை கெட்டால், தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் றோலண்டின் தலைதான் உருளும். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது.

"இந்தா பாரும்மா, காத்து நின்னா கொழுந்து வாடாது. இன்னொரு தடவ நின்னுச்சுன்னா பெட்டிய நானே கழட்டி வீசிருவேன். நீ பழையபடி பல்பு மாத்துற வேலையப் பாரு."

பல்பு மாற்றவா இத்தனை படிப்பு? சுதர்ஷினிக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெட்டியில் பதிந்திருந்த சூட்டுக் கணக்கை மறுபடி பார்த்தாள். வெயில் நாட்களில் மோட்டார் பரம சாது. மழை நாட்களில் மட்டும்தான் இந்த ஆட்டம். மழைக்குக் குளிரத்தானே வேண்டும்? அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மணி அடித்தால் அவள் மட்டுமா உஷாராவாள்? மேலே இருப்பவர்களும்தானே உஷாராவார்கள்! யாரோ எதையோ செய்துவிட்டு, மணி கேட்டதும் மறைத்துவிடுகிறார்கள்.

மணி அடிப்பதற்கு முன்பே, சூடு ஏறத் தொடங்கும்போதே, பெட்டியில் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரியும்படி புரோகிராமை மாற்றினாள். மறுநாள் மழை கொட்டியது. விளக்கு எரிந்தது. சத்தம் போடாமல் படியேறினாள்.

மோட்டாரின் பின்பக்கக் கூண்டை மூடிக்கொண்டு வெள்ளை வெள்ளையாகக் குழந்தைத் துணிகள். பக்கத்தில், கைக்குழந்தையைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வேலைக்கு வரும் நிலக்ஷி, கொழுந்து பரப்பிக்கொண்டிருந்தாள். சுதர்ஷினியைக் கண்டதும் ஓடிவந்து துணிகளை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ அக்கா! மழ விட்டபாடில்ல. லயத்து வீட்டுல ஒரு துணி காயல, புள்ளைக்கு மாத்தத் துணியில்ல. இது கதகதன்னு இருந்துச்சா... மணி அடிச்சா உருவி ஒளிச்சிருவேன். டீமேக்கர் ஐயாகிட்ட சொல்லிறாதீங்க, வீட்டுக்கு அனுப்பிருவாரு."

சுதர்ஷினிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. துணிகளைப் பிடுங்கினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டை கையோடு வந்தது. அதற்குமேல் கோபப்பட அவளால் முடியவில்லை.

"மோட்டாரு இந்தப் பக்கமாத்தான் மூச்சு இழுக்குது, நிலக்ஷி. நீ அது மூக்கப் பொத்திட்டு இருந்திருக்க. எழும்பு, வேற எடம் காட்டுறேன்."

தேயிலைத் தூள் காயவைக்கும் இயந்திரத்தின் பெரிய அடுப்புக்கு வெளியே, கூரைத் தாழ்வாரத்தின் கீழ், சுவர் எப்போதும் சூடாக இருக்கும். தேயிலைக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமில்லை. மிச்சக் கம்பியை அங்கே கொடியாகக் கட்டினாள்.

"என்ன கோளாறு?" என்று றோலண்ட் கேட்டார்.

"காத்து போற வழி அடைச்சிருந்துச்சுங்க ஐயா. எடுத்துட்டேன்."

"யாரு அடைச்சது?"

"மழைங்க ஐயா."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அதன்பிறகும் மழை விடவில்லை, ஆனால் மோட்டார் ஒருநாளும் நிற்கவில்லை. சுதர்ஷினிக்கு மனசு நிறைந்திருந்தது. ஒருநாள் அடுப்புப் பக்கம் போனாள். குழந்தைத் துணிகளுக்கு நடுவே நீளமாக இரண்டு கம்பளிக் காலுறைகள் தொங்கின. அவற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றவர் றோலண்ட்.

அவளைப் பார்த்ததும் அசடு வழிந்தார். "கொழுந்து அரைக்கிற மெசினுக்கும் ஒரு பெட்டி போடணும்னு தொரைகிட்ட சொல்லிருக்கேன்மா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவரு இந்தப் பக்கம் வந்து, இதென்னான்னு கேட்டா?"

"மழைன்னு சொல்லிருவோங்க ஐயா."