நாப்பது செகண்ட்

புதுசா வந்த வசதியை எல்லாம் ஆன் பண்ணிடுங்க சார்னு மீட்டிங்ல கை தூக்கினவ நான்தான். அதை முதல்லயே ஒத்துக்கிறேன். வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்கிட்டேன், கடிச்சது என்னவோ பக்கத்துல இருந்தவனை.

எங்க கம்பெனி பஸ் டிக்கெட் விக்கிற கம்பெனி. டிக்கெட் ஆப் படுத்துக்கிச்சுன்னா, அந்த நேரம் ஆன்கால்ல, அதாவது கூப்பிட்டா ஓடி வர்ற முறையில, இருக்கிறவங்க போன் அலறும். சைலன்ட்ல போட்டாலும் அலறும். உடனே 'பாத்துட்டேன்'னு ஒரு பட்டனைத் தட்டணும், அதுக்கு நாங்க ஆக்னு சொல்லுவோம். தட்டிட்டு லேப்டாப்பைத் திறந்து கோளாறைச் சரி பண்ணணும். அஞ்சு நிமிஷத்துல ஆக் வரலைன்னா அலறல் மேனேஜர் கிருஷ்ணப்பாவுக்குப் போயிடும். அவர் வரைக்கும் போக விடக்கூடாதுங்கிறது எங்க டீம்ல எழுதாத சட்டம். ஆறு பேர் இருந்தோம். ஒருத்தருக்கு முடியலைன்னா இன்னொருத்தர் சத்தமில்லாம எடுத்துக்குவோம். லீவு கேக்கிற பேச்சே கிடையாது. போன வருஷம் ஆள் குறைச்சப்ப அதிகம் லீவு போட்டவங்கதான் முதல்ல போனாங்க. அதுலேர்ந்து ஜுரத்துல கிடந்தாலும் வாயைத் திறக்க மாட்டோம்.

பெருமாள்சாமிக்கும் எனக்கும் ஒரு தனி ஏற்பாடு. அவன் என்னை விட அஞ்சு வயசு சின்னவன், சாத்தூர் பக்கம், ஆனேக்கல்ல வீடு எடுத்து அம்மாவோட இருந்தான். அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. செவ்வாயும் வெள்ளியும் காலைல டயாலிசிஸ். கம்பெனி இன்சூரன்ஸ்லதான் அது ஓடிட்டிருந்துச்சு. கெட்ட நேரம் பாருங்க, ஆன்கால் முறையும் அவனுக்கு அந்த ரெண்டு காலைதான். மாத்திக் கேட்டா ஏன்னு கேப்பாங்க. அந்த வார்டு தரைக்குக் கீழ, போன்ல ஒரு கோடு கூட வராது. அதனால அவனுக்கு வர்ற அலறலை எல்லாம் நான் எடுத்துக்கிட்டேன். 'நான் எடுத்துக்கிறேன்'னு ஆப்புலயே ஒரு பட்டன் இருக்கு. தட்டினா அந்த வேலை நம்ம பேருக்கு வந்துடும்.

ஞாயித்துக்கிழமை காலை என் முறை. எனக்கு சர்ச்ல கொயர். கோலார் தங்கவயல்ல சின்னப் புள்ளையா இருந்தப்பலேர்ந்து பாடுறேன், நீலசந்திராவுக்கு வந்தும் விடலை. பூசைக்கு நடுவுல போன் அலறினா எப்படி இருக்கும்? அதை அவன் பாத்துக்கிட்டான். ஆனா ஒண்ணு, அவன் பேர்ல இல்லை. டீம் லீட் வேலைக்கு என் பேர் அடிபட்டுட்டிருந்த நேரம் அது. என் பழைய போன்ல என் லாகினைப் போட்டு அவன் கையில குடுத்து, என் பேர்லயே தட்டுடான்னேன். சரிக்கான்னான், அவ்வளவுதான். சர்ச்ல நான் என் போனை அணைச்சு வெச்சுக்குவேன். ஒரு வருஷம் தட்டினான்.

ஆக, அவன் வேலையை நான் செஞ்சாலும் என் பேரு, என் வேலையை அவன் செஞ்சாலும் என் பேரு. அப்ப இது எனக்கு உறைக்கலை. உறைச்சிருந்தாலும் கம்முனுதான் இருந்திருப்பேன், என்னை எனக்குத் தெரியாதா?

பிப்ரவரியில அந்த அலறல் சாஃப்ட்வேர் புது வெர்ஷன் வந்துச்சு. கிருஷ்ணப்பா பெரிய திரையில போட்டுக் காட்டினார். ஒரே கோளாறுக்கு வர்ற பத்து அலறலை ஒண்ணாச் சேத்துடுமாம். முடிஞ்சதும் என்ன நடந்துச்சுன்னு அதுவே அறிக்கை எழுதிடுமாம். அப்புறம் யார் எவ்வளவு சுமந்தாங்கன்னு ஒரு வருஷத்துக் கணக்கைப் படம் போட்டுக் காட்டி, இந்த வேலைக்கு எத்தனை பேர் வேணும்னும் சொல்லுமாம். நான் கை தூக்கினது இதுக்குத்தான். என் உழைப்பு ஊருக்குத் தெரியட்டும்னு ஒரு அல்ப ஆசை.

படம் வந்துச்சு. என் பேருக்கு எதிர்ல முன்னூத்திப் பன்னெண்டு அலறல். பெருமாள்சாமி பேருக்கு எதிர்ல பதினொண்ணு. கீழ ஒரு வரி: இந்த டீமுக்கு ஐந்து பேர் போதும். எல்லாரும் அவனைப் பாத்தாங்க. அவன் என்னைப் பாத்தான். நான் திரையைப் பாத்துட்டிருந்தேன்.

மத்தியானம் வெளிய டீக்கடையில என்கிட்ட வந்தான். கோபப்படலை. ஞாயித்துக்கிழமை விஷயத்தை மட்டும் அவர்கிட்ட சொல்லிடுங்கக்கா, நான் சொன்னா நம்ப மாட்டார், நீங்க சொன்னா நம்புவார்னான். சொல்றேன்டான்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

கிருஷ்ணப்பா ரூமுக்குப் போனேன். அவன் நல்ல வேலைக்காரன் சார், அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு ஆரம்பிச்சேன். அவர் தலையை ஆட்டினார். அப்ப லீவு போட்டிருக்கணும்மா, லீவு எதுக்கு இருக்குன்னார். அதே வாயாலதான் போன வருஷம் ஆள் குறைக்க லீவு லிஸ்டைப் படிச்சார். அப்புறம் அவரே, ஒருத்தனுக்காக நீங்க இத்தனை நாள் இழுத்தது போதும், ஆயித்துன்னு கன்னடத்துல முடிச்சுட்டு, அடுத்த மாசத்துலேர்ந்து நீங்கதான் லீட்டுன்னார்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ஞாயித்துக்கிழமை தட்டினது நான் இல்லை சார், அவன். வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தேன்? லாகினை அடுத்தவங்களுக்குக் குடுத்தா அன்னிக்கே வெளியேன்னு சட்டம். பயம். வேற ஒரு சாக்கும் இல்லை. தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டு எழுந்து வந்தேன்.

வெளிய நின்னுட்டிருந்தான்.

"சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன்டா. அவர் கேக்கலை."

அவன் நம்பினானான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மாசக் கடைசியில அவனை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. கடைசி நாள் என் பழைய போனை என் மேஜை மேல வெச்சுட்டுப் போனான். ஸ்கிரீனைத் துடைச்சு, முழு சார்ஜ் ஏத்தி வெச்சிருந்தான். அதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம். இன்சூரன்ஸ் என்ன ஆச்சு, அம்மாவுக்கு எங்க பாக்கிறான்னு கேக்க நாலு தடவை நம்பரை எடுத்தேன், நாலு தடவையும் கீழ வெச்சேன். என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கிறது?

அடுத்த ஞாயித்துக்கிழமை பாட்டு நடுவுல பாக்கெட்ல போன் அலறுச்சு. ஃபாதர் பாக்க, கொயர் மொத்தமும் பாக்க, ஆட்களைத் தள்ளிக்கிட்டு வெளிய ஓடினேன். வாசல் பெஞ்சுக்கு வந்து ஆக் தட்டுறதுக்குள்ள நாலு நிமிஷம். அதுக்கடுத்த வாரமும் அதே கூத்து. மூணாவது வாரம் கொயர்லேர்ந்து நானே நின்னுட்டேன்.

திங்கட்கிழமை சாஃப்ட்வேர்லேர்ந்து ஒரு கடிதம். எனக்கு ஒண்ணு, நகல் கிருஷ்ணப்பாவுக்கு. லீனா, ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் ஆக் தட்டும் வேகம் குறைந்திருக்கிறது, முன்பு சராசரி நாற்பது செகண்ட், இப்போது நான்கு நிமிடம், நலமாக இருக்கிறீர்களான்னு கேட்டிருந்துச்சு. நாப்பது செகண்ட். ஆனேக்கல்ல அவன் என் போனைத் தலைமாட்டுலயே வெச்சுக்கிட்டு இருந்திருக்கான்.

கிருஷ்ணப்பா சிரிச்சுக்கிட்டே என் சீட்டுக்கு வந்தார். மத்த நாள் எல்லாம் சரியா இருக்கு, ஞாயித்துக்கிழமை மட்டும் என்னன்னு கேட்டார்.

"சர்ச்ல சிக்னல் இல்லை சார்."

"முன்ன இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்"னு சொன்னேன்.