கடைசி அறை, ஒரே ஆள்

மைக்கக்காவுக்கு மைக்கில் பேசுவதுதான் பிழைப்பு. பேருந்து நிலையத்தின் ஒன்பதாம் நடைமேடைக்கு மேலே, மூன்று பக்கம் கண்ணாடி வைத்த கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, எது இன்றைக்கு வராது என்று ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷமாகச் சொல்கிறாள். சொல்லி வாய் மூடுவதற்குள் யாராவது கண்ணாடியைத் தட்டி, சொன்னதையே திரும்பக் கேட்பார்கள். சிரித்த முகமாக மறுபடியும் சொல்லுவாள். அந்தச் சிரித்த முகம்தான் அவளுக்கு வினையாகப் போயிற்று. எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிறவளுக்குச் சொந்தமாக ஒரு ஆசை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

வீடு இன்னொரு பேருந்து நிலையம். முன்னறையில் கணவர் தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பார். ஒவ்வொரு மெஷினையும் ஓட்டிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. கூடத்தில் ஓரகத்தியின் டியூஷன், இருபது பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும். அதற்கு மேலே மாமியாரின் டிவி. பார்சல் ஆபீஸில் வேலை பார்க்கும் கொழுந்தனாருக்கு மெதுவாகப் பேசவே வராது. இத்தனைக்கும் நடுவில் மாமனார் போட்டுவிட்டுப் போன சட்டம் ஒன்று இருந்தது. இந்த வீட்டில் யாருக்குப் போன் வந்தாலும் கூடத்தில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். குளியலறையைத் தவிர எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. “மறைக்கிறதுக்கு நாம என்ன திருட்டா பண்றோம்?” என்பாராம். மனுஷர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. சட்டம் மட்டும் கல்லுக்குண்டாக இருக்கிறது.

ஒரு நாள் ஒரு துண்டுக் காகிதம், பயணிகள் விட்டுப்போன சாமான்களை வைக்கும் அலமாரியில் கிடைத்தது. யாரோ தொலைத்த பையை, மூன்று மாதம் கழித்தும் ஆள் வராததால் திறந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். பைக்குள் ஒரு கம்பளித் தொப்பி, பாதி தேய்ந்த சோப்பு, ஒரு விடுதியின் விளம்பரத் தாள். தாளில், வடக்கே எங்கோ புல் பூண்டு இல்லாத மலை. கண்ணுக்கெட்டிய தூரம் மண்ணும் வானமும். நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மண் வீடு. மொத்தம் ஐந்து அறை. கட்டில், மூன்று போர்வை, வறட்டி போட்டு எரிக்கும் அடுப்பு. கழிப்பறை வெளியே. மின்சாரம் மாலையில் ஒரே ஒரு மணி நேரம், ஜெனரேட்டர் ஓடும்போது. வாரத்துக்கு ஒரு லாரி. கீழே போன் நம்பர்: மாலை ஐந்திலிருந்து ஆறு வரை மட்டும்.

தொப்பியையும் சோப்பையும் எழுதிக்கொண்டார்கள். தாள் மைக்கக்காவின் கைப்பைக்குள் போயிற்று.

ஒரு வாரம் பொறுத்து, கூண்டுக்குள்ளிருந்து, மைக்கை அணைத்துவிட்டு, அந்த நம்பருக்குப் போட்டாள். எடுத்தது விடுதிக்காரரேதான், எப்போதோ அங்கே போய்த் தங்கிவிட்ட தமிழ்க்காரர். நிதானமான குரல், அவசரமே தெரியாத ஆள்.

“அங்க சத்தம் ஏதாவது இருக்குமாங்க?” இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

“காத்தடிக்கும்மா. காத்து நின்னுட்டா ஒண்ணும் இல்ல. புதுசா வர்றவங்களுக்கு முதல் நாள் கொய்ங்னு ஒரு சத்தம் கேக்கும். என்னன்னு வந்து கேப்பாங்க. அது அவங்க காதுதான்.”

மைக்கக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். திரும்பியே பார்க்கவில்லை.

அன்றிலிருந்து வாரம் இரண்டு தடவை பேச்சு. அவர் சொல்லச் சொல்ல, பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி. டார்ச். வெந்நீர்ப் பை. முதல் இரண்டு நாள் படுத்தே இருக்க வேண்டும், உடம்பு உயரத்துக்குப் பழகும் வரை. மூன்றாம் நாள் வாசல் வரை நடக்கலாம். கழிப்பறைக்கு நாற்பது அடி. அந்த நாற்பது அடியைக்கூட வீட்டில் சமையலறைக்கும் தெருக்கதவுக்கும் நடுவே எண்ணிப் பார்த்து வைத்திருந்தாள். ஐந்து அறையில் எது வேண்டும் என்று அவர் கேட்டபோது, “கடைசி அறை. ஒரே ஆள். பத்து நாள்” என்றாள். ஏதோ வண்டி அறிவிப்பது மாதிரி அவ்வளவு தெளிவாக வந்தது.

பத்து நாள் யாரும் அவளிடம் பேசக் கூடாது, அவளும் பேசக் கூடாது. ஆயுசுக்கும் அவள் கேட்டது இவ்வளவுதான். லீவு கிடைத்தது. வீட்டில் ஆபீஸ் பயிற்சி என்று சொன்னாள். மாமியார்கூட, “இத்தனை வருஷம் கழிச்சுப் பேசக் கத்துக் குடுக்கறாங்களாக்கும்” என்று சிரித்துவிட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டார். எல்லாம் கைகூடி வந்தது. கைகூடி வருவதைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

அவளுடைய வார விடுமுறை அன்று மாலை ஐந்தரைக்கு, கூடத்தில் அவள் வைத்துவிட்டுப் போன செல்போன் அடித்தது. மைக்கக்கா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கொழுந்தனார் எடுத்தார். சட்டப்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மா இல்லீங்களா? விடுதியிலேருந்து பேசறேன். லாரி ஒரு நாள் முன்னாடி வருது, அதான் சொல்லலாம்னு. கடைசி அறை, ஒரே ஆள், பத்து நாள், சரிதானே?”

அவள் துணி மூட்டையோடு படியிறங்கும்போது ஏழாம் வாய்ப்பாடு நின்றிருந்தது. டிவி நின்றிருந்தது. அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை அவள் கேட்டதே இல்லை.

“தனியாவா?” என்றார் கணவர். கோபம் இல்லை, அடிபட்ட முகம். “நாங்க என்ன குறை வெச்சோம்?”

“குறையெல்லாம் இல்லங்க. கொஞ்சம் அமைதியா இருக்கணும்னு...”

“அதை எங்ககிட்ட சொல்லியிருந்தா நாங்களும் கூட வந்து அமைதியா இருந்திருப்போமே அக்கா!” என்றாள் ஓரகத்தி. கிண்டலே இல்லை. மனசாரத்தான் சொன்னாள். இவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் மைக்கக்கா ஒரு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பாள். பாசத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

மாமியார் முடிவு சொன்னார். “பெரியவ ஆசைப்பட்டுட்டா. எல்லாருமா போயிட்டு வருவோம்.”

ஐந்து பேருக்கு ஐந்து அறை என்று கொழுந்தனார் விரல்விட்டு எண்ணி, பிறகு பாதுகாப்புக்காக மூன்று அறையே போதும் என்று தீர்மானித்தார். “அண்ணி, நீங்க அம்மாகூட படுத்துக்கங்க. கடைசி ரூம் வேணாம், ஒதுக்குப்புறமா இருக்கு.”

மைக்கக்கா தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். கழிப்பறை வெளியே, நாற்பது அடி என்றாள். கொழுந்தனார் பார்சல் ஆபீஸிலிருந்து நீளமான கயிறு கொண்டுவந்தார். ராத்திரி பிடித்துக்கொண்டு போகலாமாம். குளிக்கத் தண்ணீர் கிடையாது, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு வாளிதான் என்றாள். “பத்து நாள் குளிக்கலைன்னா தோலா உரிஞ்சிடும்?” என்றார் மாமியார். நம்ம செல்லுக்குச் சிக்னல் கிடையாது, டிவி கிடையாது என்றாள். அதனால் என்ன, பாட்டுக்குப் பாட்டு விளையாடலாம் என்று ஓரகத்தி கைதட்டினாள். கணவர் எல்லாருடைய கம்பளி உடுப்புக்கும் தன் மெஷினிலேயே கூடுதலாக ஒரு உள்துணி வைத்துத் தைக்க ஆரம்பித்தார். தலைகீழாக நின்றாலும் இவர்களைக் கழற்றிவிட முடியாது என்று அவளுக்குப் புரிந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம்.

“விடுதிக்காரர் ஒண்ணு சொன்னாரு” என்றாள் மறுநாள் சாப்பிடும்போது. “ரொம்ப உயரமான இடமாம். ஒவ்வொருத்தரும் டாக்டர்கிட்ட இருதயம் சோதிச்சு, சர்டிபிகேட் கொண்டுவரணுமாம். இல்லாட்டி ரூம் கிடையாதாம்.”

பச்சைப் பொய். விடுதிக்காரர் மூச்சுக்கூட விடவில்லை. மாமியாருக்கு எழுபத்து நான்கு வயது, முழங்கால் இரண்டும் மாடிப்படியைப் பார்த்தாலே அழும். டாக்டர் கூடாது என்பார். அம்மாவை விட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் நகர மாட்டார்கள். புருஷனை விட்டு ஓரகத்தி வர மாட்டாள். நன்றாகத்தான் கணக்குப் போட்டிருந்தாள், ஒரே ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டு.

ஐந்து பேரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். மாமியாருக்கு முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “உங்களுக்கு இருபது வயசுப் பொண்ணு இருதயம் பாட்டி. முட்டிதான் மக்கர் பண்ணுது. மெதுவா போயிட்டு வாங்க.” மாமியார் வெட்கப்பட்டுப் புடவையைச் சரிசெய்துகொண்டார். கணவர் தேறினார். கொழுந்தனார் தேறினார். ஓரகத்தி தேறினாள்.

மைக்கக்காவுக்கு எடுக்கும்போது டாக்டரம்மா சிரிக்கவில்லை. நெஞ்சில் வைத்த கருவியை நகர்த்தினார், திரும்ப நகர்த்தினார், இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார்.

“மாடி ஏறினா மூச்சு வாங்குமா?”

“வாங்கும். வயசாகுதில்ல.”

“வயசு இல்லம்மா. வால்வு ஒண்ணு சுருங்கியிருக்கு. ரொம்ப நாளாவே இருந்திருக்கும். நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. மருந்துல பாத்துக்கலாம். ஆனா மலை கிலைன்னு ஏறவே கூடாது. இந்த வருஷம், அடுத்த வருஷம்னு இல்ல. எப்பவுமே.” பிறகு கதவுப் பக்கம் திரும்பி, அங்கே முண்டியடித்துக்கொண்டு நின்ற நான்கு பேரிடமும் சொன்னார்: “இவங்களைத் தனியா விடாதீங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். இந்த வீட்டாரிடம் போய்.

யாரும் எங்கேயும் போகவில்லை. “நீ இல்லாம எங்களுக்கு என்ன மலை வேண்டிக் கிடக்கு?” என்றார் மாமியார். தைத்த கம்பளி உடுப்புகள் பரணுக்குப் போயின. மாமியாரின் கட்டில் மைக்கக்காவின் கட்டிலை ஒட்டி வந்தது. அவள் தூக்கத்தில் புரண்டால் நான்கு குரல் “என்னாச்சு?” என்றன. கூண்டுக்கு மத்தியானச் சோறு கொண்டுவரும் சாக்கில் கணவர் ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் திருப்புளியோடு வந்து, குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றினார்.

“உள்ள மயக்கம் போட்டு விழுந்தா யாரு பாக்கறது அண்ணி?” நான்கு திருகாணிகளையும் ஒரு காகிதத்தில் மடித்து, பார்சலுக்கு எழுதுவது போல மேலே ‘குளியலறை’ என்று எழுதிவைத்தார்.

அவர்கள் கூடவே வருவோம் என்று ஒற்றைக் காலில் நிற்காவிட்டால் அந்தப் பொய் வந்திருக்காது. பொய் வராவிட்டால் பரிசோதனை இல்லை. தனியாகப் போயிருந்தால் அந்த மண் வீட்டிலேயே அவள் கதை முடிந்திருக்கும். ஆக, அவர்கள்தான் அவளைக் காப்பாற்றியது. இந்த நன்றியைத் தூக்கிக்கொண்டு இனி எந்தப் பக்கம் திரும்புவாள்?

புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, விடுதிக்காரரிடம் வரவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. கூடத்தில், போன் மேஜை மேல். எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். கொழுந்தனாரே நம்பரைப் போட்டார்.

“நான்தாங்க பேசறேன். வர முடியாது. உடம்புக்கு ஆகாதுன்னு சொல்லிட்டாங்க.”

“அப்படிங்களா. உடம்பைப் பாத்துக்கங்கம்மா. கடைசி அறையைக் கூட்டி வெச்சேன். ஜன்னல்கூட புதுசா மாத்தினேன். பரவால்ல.”

“அடுத்த வருஷம்” என்று மாமியார் எட்டிச் சொன்னார், எதற்கோ.

வைத்துவிட வேண்டியதுதான். மைக்கக்கா வைக்கவில்லை.

“இப்போ அங்க காத்தடிக்குதாங்க?”

“இல்லம்மா. மதியமே நின்னுடுச்சு.”

“போனைக் கொஞ்சம் வெளியில காட்டறீங்களா?”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. செருப்புச் சத்தம், ஒரு கதவின் கிறீச். பிறகு ஒன்றும் இல்லை.

ஒன்றுமே இல்லை. மைக்கக்கா மேஜை மேல் குனிந்து காதை வைத்தாள். மாமியார் வாயைத் திறந்தபடி அப்படியே இருந்தார். ஓரகத்தி கையைக் காட்ட, டியூஷன் பிள்ளைகள் அடங்கின. மைக்கக்காவின் காதுக்குள் மெல்லக் கொய்ங் என்று ஆரம்பித்தது. அது தன் காதுதான் என்று அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டாள்.

“லைன் கட்டாயிடுச்சு” என்றார் கொழுந்தனார், பட்டனை அழுத்தி.

“கட்டாகல” என்றாள் மைக்கக்கா.

யார் காதிலும் விழவில்லை. மாமியார் மாத்திரைக்கு நேரமாயிற்று என்றார். கணவர் தண்ணீர் எடுக்க எழுந்தார். ஏழாம் வாய்ப்பாடு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அங்கே அந்த மனுஷர் வாசலில், குளிரில், போனை இன்னும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றிருப்பார்.